காலாண்டுப் பட்டியலில் பெயர் நின்றுபோன பிள்ளைகள்: கனடா உறைவிடப் பள்ளி ஆவணங்களைத் தேடுவது பற்றி

பனிக்காடு (வின்னிபெக்)

வணக்கம். இதை எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். நான் இங்கே ஆவணப் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். மூன்று வருடமாகச் சனிக்கிழமைகளில் ஒரு முதற்குடிச் சமூகத்தின் ஆய்வுக் குழுவுக்காகப் பழைய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். எந்தச் சமூகம், எந்தப் பள்ளி என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, அந்தப் பெயர்கள் அவர்களுடையவை. தேடும் முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி 1990கள் வரை, கனடா அரசு பணம் கொடுக்க, பெரும்பாலும் கிறிஸ்தவ சபைகள் நடத்திய பள்ளிகள் இவை. கனடாவின் பூர்வகுடிகளான முதற்குடி, மெட்டி, இனுவிட் மக்களின் பிள்ளைகள் ஏறத்தாழ 1,50,000 பேர் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். 1920இல் சட்டத்தைத் திருத்திக் கட்டாயமாக்கினார்கள். தாய்மொழி பேசினால் அடி, தலைமுடி வெட்டு, வீட்டுப் பெயருக்குப் பதில் வேறு பெயர், சில இடங்களில் வெறும் எண். 2015இல், இந்தப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தன் இறுதி அறிக்கையில் 3,200 மரணங்களைக் கணக்கிட்டது. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்குப் பிள்ளையின் பெயரே எழுதப்படவில்லை. கால்வாசிக்கு ஆணா பெண்ணா என்பதுகூட இல்லை. கிட்டத்தட்டப் பாதிக்கு எதனால் இறந்தது என்று இல்லை.

பெயரே எழுதாத பிள்ளையை எப்படித் தேடுவது? நான் கற்றுக்கொண்டது இதுதான்: பணம் கை மாறிய இடத்திலெல்லாம் தாள் இருக்கிறது. பள்ளிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று மானியம். அதை வாங்கப் பள்ளி முதல்வர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைநகர் ஒட்டாவாவுக்குப் பட்டியல் அனுப்ப வேண்டும். எண், பெயர், வயது, வகுப்பு, எத்தனை நாள் இருந்தது. ஒரு காலாண்டில் இருக்கும் பெயர் அடுத்த காலாண்டில் இருக்காது. விடுவிப்புப் பட்டியலிலும் இருக்காது. அங்கிருந்து எங்கள் வேலை தொடங்கும்.

ஒரு சிறுமி. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். டிசம்பர் பட்டியலில் இருக்கிறாள், மார்ச் பட்டியலில் இல்லை. சேர்க்கைப் பதிவேட்டில் அவள் வரிக்கு எதிரே வெறும் கோடு. நாலு மாதம் தேடினோம். கடைசியில் கிடைத்தது பள்ளியின் செலவுச் சீட்டுக் கட்டில் ஒரு தச்சரின் ரசீது. நாலடி நீளத்தில் ஒரு பெட்டி, பலகைக்கும் ஆணிக்கும் கூலிக்கும் சேர்த்துத் தொகை. பெயர் இல்லை. ஆனால் அந்தக் காலாண்டில் பட்டியலிலிருந்து மறைந்தவர்களில் நாலடிப் பெட்டிக்குள் அடங்கும் வயது அவள் ஒருத்திக்குத்தான்.

அன்று என்னால் அதற்குமேல் படிக்க முடியவில்லை. என் மகளுக்கு அப்போது ஏழு வயது.

---

தாமிரக்கரை (திருநெல்வேலி)

அக்கா, மனதைப் பிசைகிறது. ஆனால் ஒரு சந்தேகம், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021இல் கம்லூப்ஸ் என்ற ஊரின் பழைய உறைவிடப் பள்ளியில் 215 பிள்ளைகளின் உடல் கிடைத்தது என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அப்புறம் ஒரு உடல்கூடத் தோண்டி எடுக்கப்படவில்லை, எல்லாம் ஊதிப் பெரிதாக்கியது என்று சிலர் காணொளி போடுகிறார்கள். எதை நம்புவது?

---

பனிக்காடு (வின்னிபெக்)

தம்பி, கேட்டது நல்லது. இந்தக் குழப்பத்துக்காகத்தான் இழையே தொடங்கினேன்.

2021 மே மாதம் கம்லூப்ஸில் அறிவித்தது நிலத்தடி ரேடார் ஆய்வின் முடிவு. ரேடார் எலும்பைக் காட்டாது. மண் கலைந்த இடத்தை, குழி வெட்டப்பட்ட வடிவத்தைக் காட்டும். முன்பே வேறு ஆய்வுக்காகத் தோண்டிய பகுதியைக் கழித்துவிட்டு, அதே ஜூலையில் ஆய்வாளரே எண்ணிக்கையை 200 என்று திருத்தினார். அதுவும் கல்லறைகளாக இருக்கக்கூடிய இடங்கள் என்றுதான். 'உடல்கள் கிடைத்தன' என்று எழுதிய பத்திரிகைகள் எழுதியது தவறு. எங்கள் மனிடோபா மாகாணத்தில் பைன் கிரீக்கில் தேவாலயத்தின் நிலவறையில் 14 இடங்களை ரேடார் காட்டியது. 2023இல் சமூகமே தோண்டிப் பார்த்தது. மனித எச்சம் எதுவும் இல்லை. அதையும் அவர்களே வெளியே வந்து சொன்னார்கள்.

ஆனால் 3,200 என்ற எண் ரேடாரிலிருந்து வந்ததே இல்லை. கம்லூப்ஸ் செய்திக்கு ஆறு வருடம் முன்பே அச்சாகிவிட்டது. அது அரசின் கோப்புகளிலிருந்தும் சபைகளின் பதிவேடுகளிலிருந்தும் எடுத்தது. பிறகு மனிடோபா பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய உண்மை மற்றும் நல்லிணக்க மையம் தொடர்ந்து தேடிச் சேர்த்த நினைவுப் பதிவேட்டில் இப்போது 4,100க்கும் மேல் பெயர்கள். கம்லூப்ஸ் பள்ளிக்கு மட்டும், ரேடார் அறிவிப்பு வந்த நேரத்திலேயே, 51 மரணங்கள் ஆவணத்தில் இருந்தன. ஒரு கல்லறையைக்கூடத் திறக்காவிட்டாலும் அந்த 51 அப்படியேதான் இருக்கும்.

நோய் வந்து செத்தார்கள், அந்தக் காலத்தில் எல்லாரும்தான் செத்தார்கள் என்பது அடுத்து வரும் வாதம். காரணம் எழுதப்பட்ட மரணங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை காசநோய், உண்மைதான். ஆனால் இந்தியர் விவகாரத் துறையின் (பூர்வகுடிகளைத்தான் அரசு அப்போது 'இந்தியர்' என்றது) தலைமை மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் 1907லேயே அதே துறைக்கு அறிக்கை கொடுத்துவிட்டார். தகவல் அனுப்பிய பள்ளிகளில் சேர்ந்த 1,537 பிள்ளைகளில் நாலில் ஒரு பங்கு இறந்துவிட்டது என்று. நெருக்கடியான படுக்கை அறை, காற்றோட்டம் இல்லை, சேரும்போதே நோயுள்ள பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள் என்று காரணமும் சொன்னார். அவர் கேட்ட மாற்றங்களைச் செய்யவில்லை. பதவியிலிருந்து போனபின் 1922இல் தானே ஒரு சிறு புத்தகமாக அதை வெளியிட்டார். 1940களின் முதல் பாதியில்கூட இந்தப் பள்ளிகளில் மரண விகிதம் பொதுவான பிள்ளைகளுடையதைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு.

பிரைஸும், அவர் பேச்சை ஒதுக்கிய துறைத் தலைவர் டங்கன் கேம்ப்பெல் ஸ்காட்டும் ஒட்டாவாவில் ஒரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். போன வருடம் போனேன். இருவருக்கும் பெயர் பொறித்த கல் இருக்கிறது.

---

பழையகோப்பு (ஈரோடு)

அம்மா, நான் வருவாய்த் துறையில் ரெக்கார்டு கீப்பராக 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் தச்சர் ரசீதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெரிய கோப்பைத் தொலைப்பார்கள், செலவுச் சீட்டை யாரும் தொலைக்கமாட்டார்கள். தணிக்கை வரும் அல்லவா?

எங்களிடம் ஒவ்வொரு கோப்புக்கும் ஆயுள் உண்டு. ஆர்.டிஸ் என்றால் நிரந்தரம். எல்.டிஸ் என்றால் ஒரு வருடத்தில் கழித்துவிடலாம். எந்தக் கோப்புக்கு எந்த முத்திரை என்று தீர்மானிப்பவர்தான் நூறு வருடம் கழித்து எது மிஞ்சும் என்று தீர்மானிக்கிறார். அங்கே பிள்ளைகளின் பட்டியலுக்கு என்ன ஆயுள் வைத்திருந்தார்கள்?

---

பனிக்காடு (வின்னிபெக்)

ஐயா, சரியான இடத்தில் தொட்டீர்கள். 1930களின் விதி இது: பள்ளிகள் அனுப்பிய பட்டியல்களை 5 வருடத்திலும், விபத்து அறிக்கைகளை 10 வருடத்திலும் அழிக்கலாம். 1936க்கும் 1944க்கும் இடையே துறையின் கோப்புகள் 2,00,000 அழிக்கப்பட்டன. பழைய தாளாகப் போனது 15 டன். போர்க்காலத் தாள் சேகரிப்பு என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அழிக்கலாம் என்ற விதி போருக்கு முந்தையது.

பள்ளியில் ஒரு பிள்ளை இறந்தால் எப்படி விசாரிக்க வேண்டும், யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று முறையான விதி 1935இல்தான் வந்தது. அதன்பின் முதல்வர், துறை முகவர், மருத்துவர் மூவரும் உட்கார்ந்து விசாரணைக் குறிப்பு எழுத வேண்டும், பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஐம்பது வருடத்துக்கு அப்படி ஒரு தாளே கிடையாது. அதனால்தான் ரசீதுகளுக்கும் கடிதங்களுக்கும் போகிறோம்.

ஒரு கடிதத்தைச் சொல்கிறேன். ஆணைய அறிக்கையில் உள்ளது, அனைவரும் படிக்கலாம். ஆல்பர்ட்டாவில் ரெட் டியர் பள்ளி, 1918 விஷக்காய்ச்சல் காலம். பள்ளியின் நிலைமை குற்றத்துக்குச் சற்றும் குறையாதது என்று முதல்வரே துறைக்கு எழுதுகிறார். செலவைப் பார்த்துச் செய்யுங்கள் என்று அடக்கம் செய்பவரிடம் சொன்னதாகவும், ஆகவே அநாதைப் பிணத்துக்குச் செய்வதுபோல ஒரு குழிக்கு இருவராகப் புதைத்ததாகவும் அதிலேயே இருக்கிறது. ஒளிக்கவில்லை, செலவைக் குறைத்ததற்குக் கணக்குக் காட்டுகிறார். உடலை ஊருக்கு அனுப்பும் செலவைத் துறை கொடுக்காது என்பதுதான் பல காலம் வழக்கம். பெற்றோர் கொடுக்க முடிந்தால் அனுப்பலாம். ரயில் கட்டணத்துக்கு எங்கே போவார்கள்?

---

மன்னார்க்காரி (ஸ்காபரோ)

தங்கச்சி, நான் இஞ்ச வந்து 26 வருசம். இந்த நாட்டுக்கு நன்றியோட இருக்கிறன். 2021 வரைக்கும் இந்தப் பள்ளிக்கூடங்களைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. அது எனக்கு இப்பவும் வெக்கம்.

ஒரு சொல்லைப் பற்றிக் கதைக்கவேணும். நீங்கள் தலைப்பில 'நின்றுபோன' எண்டு போட்டிருக்கிறியள். பத்திரிகையள் 'காணாமல் போன பிள்ளைகள்' எண்டு எழுதுது. எங்கட ஊரில அந்தச் சொல்லோட நாங்கள் கன காலம் மல்லுக்கட்டினம். பிள்ளை தானாப் போகேல்லை. ஆர் கொண்டுபோனது எண்டு எங்களுக்குத் தெரியும். 'காணாமல் போனோர்' எண்டு சொன்னால் அது பிள்ளையின்ர பிழை மாதிரி. 'காணாமல் ஆக்கப்பட்டோர்' எண்டு சொன்னால், ஆக்கினவன் ஒருத்தன் இருக்கிறான். அந்த ஒரு சொல்லுக்காக அம்மாமார் ரோட்டில இருந்தவை. என்ர பெரியக்காவின்ர மகன் 2009 மேயில. அதுக்கு மேல எழுத மாட்டன்.

இந்தப் பிள்ளையளை என்னெண்டு சொல்லுறது?

---

பனிக்காடு (வின்னிபெக்)

அக்கா, உங்கள் கேள்வியை இங்கே ஒருவர் சட்டக் கேள்வியாகவே கேட்டுவிட்டார். கிம்பர்லி மரே, மோஹாக் என்ற முதற்குடி இனத்து வழக்கறிஞர். அடையாளமற்ற கல்லறைகள் பற்றி ஆராய 2022இல் அரசு அமர்த்திய சிறப்பு இடையீட்டாளர். 2024 அக்டோபரில் இறுதி அறிக்கை தந்தார். அதில் அவர் சொன்னது, இந்தப் பிள்ளைகள் 'காணாமல் போனவர்கள்' அல்ல, சர்வதேசச் சட்டத்தின் பொருளில் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்கள். பிள்ளையை அரசு தன் பொறுப்பில் எடுத்தது, பிறகு என்ன ஆனது என்று குடும்பத்துக்குச் சொல்லவில்லை. அந்தச் சொல்லாமை இன்றும் தொடர்கிறது என்கிறார்.

தலைப்பை மாற்ற வழியில்லை என்று இந்தத் தளம் சொல்கிறது. இனிமேல் நான் எழுதுவதில் உங்கள் சொல்தான்.

---

தும்பி (கோவை)

அக்கா, நான் வரலாறு முதுகலை படிக்கிறேன். பெயரே மாற்றிவிட்டார்கள் என்றால் பட்டியலில் இருக்கும் பெயரை வைத்து வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ரோமில் ஆவணங்கள் இருக்கின்றன என்று படித்தேன், அது உண்மையா?

---

பனிக்காடு (வின்னிபெக்)

தும்பி, நம் ஆட்களுக்கு இது உடனே புரியும். நான் கனடா வந்தபோது என் அப்பா பெயர் எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. என் மகளுக்கு அதே கட்டத்தில் என் கணவர் பெயர். மூன்று தலைமுறை, மூன்று குடும்பப் பெயர். இப்போது அந்தப் பெயர்களை ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதுகிறார், அடுத்த வருடம் ஆங்கிலம் பேசும் குமாஸ்தா அதைப் பார்த்து நகல் எடுக்கிறார் என்று வைத்துக்கொள். ஒரே பிள்ளைக்கு ஆறு எழுத்துமுறை பார்த்திருக்கிறேன். பள்ளியில் ஞானஸ்நானப் பெயர், வீட்டில் க்ரீ மொழிப் பெயர், துறையின் கோப்பில் தகப்பன் பெயரும் குடும்ப எண்ணும். இனுவிட் மக்களுக்கு 1940களிலிருந்து கழுத்தில் போட எண் பொறித்த வில்லை கொடுத்தார்கள், ஆவணங்களில் பல இடத்தில் அந்த எண்தான் ஆள்.

1966 அக்டோபரில் கெனோராவுக்குப் பக்கத்துப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடந்தே போக முயன்று ரயில் பாதை ஓரம் குளிரில் இறந்த 12 வயதுப் பையனை நாடே அறியும். பள்ளி அவனை சார்லி என்றது. அவன் பெயர் சானி. சானி வென்ஜாக். வீடு 600 கிலோமீட்டர் தூரம். செய்தித்தாளிலும் சார்லி என்றே வந்தது. வீட்டார் வைத்த பெயர் வெளியே பரவலாகத் தெரிய ஐம்பது வருடம் ஆயிற்று.

ஆகவே பெயரை மட்டும் வைத்துத் தேடக்கூடாது. எங்களுக்கு அதிகம் உதவுவது ஒப்பந்தப் பணப் பட்டியல். அரசு முதற்குடி மக்களோடு செய்து, எண்ணிட்டு அழைத்த ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றின்படி தலைக்கு ஆண்டுக்கு 5 டாலர். குடும்பத் தலைவர் பெயர், சீட்டு எண், ஆண் எத்தனை, பெண் எத்தனை, பையன் எத்தனை, சிறுமி எத்தனை. போன வருடம் சிறுமி இரண்டு, இந்த வருடம் ஒன்று. 5 டாலர் குறைத்தாகிவிட்டது. பள்ளி வீட்டுக்குச் சொன்னதோ இல்லையோ, கணக்கு எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வரியைப் பள்ளிப் பட்டியலோடு பொருத்தினால் பிள்ளைக்கு வீடு கிடைக்கும். தச்சர் ரசீதுச் சிறுமிக்கு அப்படித்தான் வீடு கிடைத்தது.

அதன்பின் நடந்ததைச் சொல்கிறேன். குழுவின் மூத்தவர் ஒருவர் கேட்டுவிட்டு, "ஆற்றில் பனி உடைவதற்கு முன்னால் போனவள்" என்றார். அவர் பாட்டிக்குத் தங்கை. அந்த வீட்டில் அவளுக்கு ஒரு செல்லப் பெயர் இருந்தது, நூறு வருடமாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எந்தப் பருவம் என்பது உட்பட அவர்களுக்குத் தெரியும். நான் நாலு மாதம் தேடியதை முதல் வாரமே அவரிடம் கேட்டிருந்தால் எந்தக் கட்டை முதலில் அவிழ்ப்பது என்று தெரிந்திருக்கும். இப்போது குழு எல்லாத் தேடலையும் மூத்தவர்களின் பேச்சிலிருந்துதான் தொடங்குகிறது.

ரோம் உண்மைதான். 48 பள்ளிகளை நடத்தியது ஓப்லேட் என்ற கத்தோலிக்கத் துறவற சபை. அதன் தலைமை ஆவணக் காப்பகம் ரோமில் இருக்கிறது. 2022இல் தேசிய மையத்தின் ஆவணத் தலைவர் நேரில் போய்ப் பார்த்தார். நிறையப் புகைப்படங்கள் கிடைத்தன. சபையின் நாட்குறிப்பேடுகள் முக்கியமானவை. முதல்வர் ஒட்டாவாவுக்கு எழுதாததை அதில் எழுதியிருப்பார், இன்று காலை இன்ன பிள்ளையை அடக்கம் செய்தோம், மழை என்று.

இன்னொரு பெரிய இடம் மருத்துவமனைகள். காசநோய் வந்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து தெற்கே எங்கோ ஒரு சானடோரியத்துக்கு அனுப்புவார்கள். பள்ளிப் பட்டியலில் 'மாற்றப்பட்டார்' என்று முடிந்துவிடும். அங்கே இறந்தால் அந்த ஊரின் கல்லறையில். இப்படிப்பட்ட குடும்பங்களுக்காகக் கியூபெக் மாநிலம் 2021இல் ஒரு சட்டமே கொண்டுவந்தது. மருத்துவமனையில் சேர்த்தபின் மறைந்துபோன பிள்ளைகளின் கோப்பைக் குடும்பம் கேட்டுப் பெறலாம். மற்ற மாநிலங்களிலும் வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன்.

---

தாமிரக்கரை (திருநெல்வேலி)

அக்கா, ரேடாரும் காகிதமும் ஒன்றுசேர்ந்து முழுமையாக வேலை செய்த இடம் ஏதாவது உண்டா?

---

பனிக்காடு (வின்னிபெக்)

பிராண்டன், எங்கள் மாகாணத்திலேயே. 1895 முதல் 1972 வரை நடந்த பள்ளி. சூ வேலி டகோட்டா முதற்குடி மக்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து மூன்று இடங்களில் 104 கல்லறைகள் இருக்கலாம் என்று கண்டார்கள். அடக்கப் பதிவுகளை வைத்து அதில் 78க்குப் பெயர் சொல்ல முடிந்தது. ஓர் இடம் பின்னாளில் கூடாரம் போடும் சுற்றுலாத் தளமாகிவிட்டிருந்தது.

பக்கத்து சஸ்காட்செவன் மாகாணத்தில் மாரிவல் பள்ளி இன்னொன்று. அங்குள்ள கவெஸெஸ் முதற்குடிச் சமூகம் 2021 ஜூனில் 751 கல்லறைகளை அறிவித்தது. அங்கே பெரியவர்களும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அன்றே சொன்னார்கள். 1960களில் நடுகற்களை அகற்றிவிட்டதாக அவர்கள் தலைவர் கூறினார். அடுத்த சில மாதங்களில் சபையின் பதிவுகளும் ஊர்ப் பெரியவர்களின் நினைவும் சேர்ந்து 300 அளவில் பெயர்கள் திரும்பி வந்தன.

---

மன்னார்க்காரி (ஸ்காபரோ)

நடுகல்லை எடுத்தது எண்டு வாசிச்சவுடன நெஞ்சு அடைச்சிட்டுது. எங்கட சேமக்காலையில பேர் அழிஞ்ச சிலுவைக்கும் நவம்பர் 2ஆந் தேதி மெழுகுதிரி கொளுத்துவம். நானும் கத்தோலிக்கப் பிள்ளைதான். அந்தப் பதிவேடுகளைப் பூட்டி வைச்சிருக்கிறதுக்கு என்ர திருச்சபைக்கு ஒரு ஞாயமும் இல்லை.

---

பழையகோப்பு (ஈரோடு)

என் கருத்து இதுதான். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிட வேண்டும். அரசு, சபை, மருத்துவமனை எல்லாம். பூட்டி வைத்த கோப்பு செல்லரித்த கோப்புக்குச் சமம்.

---

பனிக்காடு (வின்னிபெக்)

ஐயா, இதில் மட்டும் உங்களோடு முழுவதும் ஒத்துப்போக முடியவில்லை.

அரசும் சபையும் வைத்திருப்பதைக் கொடுத்தாக வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆணையம் இயங்கிக்கொண்டிருந்தபோதே, தேசிய ஆவணக் காப்பகத்தில் இருப்பதைக் கொடு என்று கனடா அரசை நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டியிருந்தது. 2013இல்தான் தீர்ப்பு வந்தது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஆராய 2009இல் ஆணையம் கேட்டது 15 லட்சம் டாலர். அதையும் அரசு மறுத்தது.

ஆனால் யாரிடம் கொடுப்பது? ஒரு பிள்ளை எப்படி இறந்தது என்று அதன் தங்கை மகளுக்கு முன்னால் உலகம் இணையத்தில் படிக்கலாமா? எங்கள் குழுவில் முதலில் குடும்பத்துக்கு நேரில் சொல்வார்கள், சடங்கு செய்யும் பெரியவர் கூட இருப்பார். பிறகு வெளியே சொல்வதா என்று குடும்பம் முடிவு செய்யும். நான் தட்டச்சு செய்வதுகூட அவர்கள் கணினியில்தான், என் வீட்டுக்கு ஒரு வரி வராது.

இன்னும் கடினமானது 2027. பள்ளிகளில் தங்களுக்கு நடந்த கொடுமைகளைச் சொல்லி இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 38,000 பேர். மூடிய அறையில், ரகசியம் என்ற வாக்கை நம்பிப் பேசினார்கள். அந்தச் சாட்சியங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று அவரவர் கேட்டாலொழிய 15 வருடத்துக்குப் பின் அழிக்க வேண்டும் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடு 2027 செப்டம்பர் 19. அதற்குள் ஒரு படிவம் நிரப்பினால் போதும், தன் கோப்பை மட்டும் தேசிய மையத்தில் வைக்கச் சொல்லலாம், தானே வாங்கியும் கொள்ளலாம். அந்தச் சாட்சியங்களில் இறந்துபோன வகுப்புத் தோழர்களைப் பற்றிச் சொன்னவர்களும் இருப்பார்கள். ஆவணக்காரியாக எனக்கு அது அழியும் என்று நினைத்தாலே தூக்கம் வருவதில்லை. ஆனாலும் என் தூக்கத்துக்காக அவர்கள் வாக்கை உடைக்க முடியாது. சொன்னவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

---

பழையகோப்பு (ஈரோடு)

வாக்கு என்று சொல்லிவிட்டீர்கள். நான் பின்வாங்கிக்கொள்கிறேன். ஆனால் சாட்சி சொன்னவர்களில் இறந்துபோனவர்கள் இருப்பார்களே, அவர்கள் யாரிடம் படிவம் வாங்குவது?

---

பனிக்காடு (வின்னிபெக்)

அதற்கு என்னிடம் விடை இல்லை ஐயா. குழுவில் போன மாதம் இதே கேள்வி வந்தது, மூன்று மணி நேரம் பேசினோம், முடியவில்லை.

---

மன்னார்க்காரி (ஸ்காபரோ)

தங்கச்சி, இந்த செப்டம்பர் 30, இந்தப் பிள்ளையளை நினைக்கிற நாள், இஞ்ச கூடுகை இருக்கு, செம்மஞ்சள் சட்டையோட போறது. எங்கட ஆக்கள் ஏழெட்டுப் பேர் வாறம் எண்டினம். நாங்கள் போய் நிண்டால் அவைக்குக் கரைச்சலோ? எங்கட பிள்ளையளின்ர படத்தைக் கொண்டுபோகலாமோ, இல்லை அண்டைக்கு அவையின்ர பிள்ளையளுக்கு மட்டுமோ?

---

பனிக்காடு (வின்னிபெக்)

போங்கள் அக்கா, நிச்சயம் போங்கள். படத்தை அன்றைக்குக் கைப்பையிலேயே வைத்திருங்கள். கூடுகை முடிந்து பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது உங்களைப் பற்றிக் கேட்பார்கள். அப்போது எடுத்துக் காட்டுங்கள்.